கோட்டுக்குள் கோழி

பேசும்படங்கள் பினாங்குக்கு வரத் தொடங்கியிருந்த காலம். ஊருக்குக் காட்டுமுன் ஒவ்வொரு படத்தையும் ஒரு வெள்ளைக்காரத் துரை பார்த்து அனுமதி தர வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். திரையில் பேசுவதை ஆங்கிலத்தில் அவர் காதில் சொல்வது என் வேலை. காலை பத்து மணிக் கொட்டகையில் மூன்றே பேர்: துரை, நான், பின் வரிசையில் துரையின் கிராணி, அதாவது குமாஸ்தா.

அந்தக் கிராணியைப் பற்றி எழுதும்போது இன்றும் பேனா தாளைக் கிழிக்கப் பார்க்கிறது. தெருக்கடை லைசென்ஸும் அதே துரையின் பொறுப்பு; அந்தத் தாள்களெல்லாம் கிராணியின் மேசையில்தான் இருந்தன. லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதத்தில் அவருக்கு ஒரு உயிர்க்கோழி கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் கொடுத்தார்கள். எங்கள் தெருமுனையில், அஞ்சடி என்று சொல்லும் கடையோர நடைபாதையில் ஆப்பம் சுட்டு விற்ற அக்கா மட்டும் கொடுக்கவில்லை. நான் ஆப்பம் விற்கிறேன், கோழி விற்கவில்லை என்று கிராணியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறுவாரம் லைசென்ஸ் இல்லையென்று ஆட்கள் வந்து அடுப்பைத் தெருவில் இறக்கினார்கள். பிழைப்பு நின்றது. அக்காவுக்காகத் துரைக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். பதில் வரவில்லை. அந்த மனுவைப் பிரிப்பவரும் அதே கிராணிதான்.

நான் தினமும் குறிப்பு எழுதுகிறவன். கிராணியின் சைக்கிளில் கோழி தொங்கிய நாட்களும் அதில் இருந்தன. எந்தக் கடை வாசல், எத்தனை மணி, செவலையா கறுப்பா என்பது வரை.

அன்று வந்தது ஒரு சிரிப்புப் படம். நகைத் திருடன் ஒருவன், உள்ளே பிணம் இருப்பது தெரியாமல் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பிடித்த ஏட்டு, ஒரு கோழியை வாங்கிக்கொண்டு அவனை விட்டுவிடுகிறார். பிறகு ஏட்டு நீதிபதி முன்னால் சத்தியம் செய்யும் நேரத்தில் அவருடைய கோட்டுக்குள் கோழி கொக்கரிக்கிறது. துரை கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, என் பக்கம் திரும்பி, இந்த ஊரிலும் இப்படி நடக்கிறதா என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். குறிப்புப் புத்தகம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளன் தன் சொல் ஒன்றையும் சேர்க்கக் கூடாது. பதினாறு வருஷம் அதில் பெருமைப்பட்டவன் நான். படத்தில் பேசியதை மட்டுமே என்னால் சொல்ல முடியும், ஐயா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெளியே வந்ததும் கிராணி என் தோளைத் தட்டினார். "நல்லா சொன்னீங்க அண்ணே. நமக்கு எதுக்குலா ஊர் வம்பு?"

மத்தியானம் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஆப்பச்சட்டியைத் துணியில் சுற்றினார்.

"அந்தத் தொரையே கேட்டிருக்காரு. நீ சும்மா இருந்துட்டே. உன் வாய்க்குள்ளயும் ஒரு கோழிய வச்சு அமுக்கிட்டானா தம்பி?"

மறுநாள் காலை துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆதாரம் கேட்டார். புத்தகத்தை நீட்டினேன். தமிழில் இருந்தது. நானே வாசித்துச் சொல்கிறேன் என்றேன். தன் புகாரைத் தானே மொழிபெயர்க்கக் கூடாது என்பது உங்கள் கோர்ட்டு விதியல்லவா என்றார். விதி அதுதான். அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த வேறு ஒருவர் இருந்தார். மணியடித்துக் கிராணியைக் கூப்பிட்டார்.

கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தார். இன்று ஒரு செவலைக் கோழி பார்த்தேன், நல்ல கோழி, நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று நான் எழுதியிருக்கிறேனாம். பொய், பொய் என்று கத்தினேன். அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. துரை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டகையில் சிரித்த அதே சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. அத்தோடு புகார் முடிந்தது.

ஊருக்குக் காட்டிய படத்தில் கோழி வரும் இடம் மட்டும் இல்லை. வெட்டச் சொல்லிக் குறிப்பு எழுதி வைத்தவர் கிராணி, கையெழுத்து துரையுடையது. பிடிபட்ட திருடன் அடுத்த நொடி சுதந்திரமாக நடந்தான். ஜனங்கள் படம் ஓட்டும் மெஷின்காரனைத் திட்டினார்கள்.

அக்கா அக்கரையில் நிபோங் திபாலில் ரப்பர் தோட்டத்தில் இருந்த தங்கையிடம் போவதென்று முடிவு செய்தார். படகுத்துறை வரை அவர் மூட்டையையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"அந்தக் கோழி கத்துற இடத்த வெட்டிட்டாங்களாமே" என்றார்.

அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில், அதை முழுக்கச் சொன்னேன். இந்தத் தடவை படத்தில் இல்லாததையும் சேர்த்தேன். ஏட்டின் இடத்தில் லைசென்ஸ் கிராணியை வைத்தேன். அவர் பேரையும் மேசை இருக்கும் அறையையும் சொன்னேன். படகுக்கு நின்றவர்கள் சுற்றி வந்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பைத் தூக்கித் தன் தலையில் வைக்கச் சொன்னார்.