சல்லிக் கரையில் கேட்ட அமெரிக்கா

பங்குனிக் கடைசியில் வெள்ளாமை வெட்டு முடிந்ததும் கிண்ணியாவில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. திருகோணமலைக்கு வடக்கே சல்லிக் கரையில் கரைவலைப் பருவம் தொடங்கிவிட்டது, கயிறு இழுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கடையில் கதைத்துக்கொண்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு சாரம், ஒரு சேர்ட், ஒரு போர்வை. மூட்டை கட்ட நேரம் எடுக்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் பாதையில் ஏறினேன். பாதை என்று இங்கே சொல்வது பஸ்ஸையும் மாட்டுவண்டியையும் ஆட்களையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு கடல்வாயைக் கடக்கும் தட்டையான மிதவையை. கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுக்க அது நகரும். நகர்வது தெரியாது. கரைதான் யோசித்து யோசித்துப் பின்வாங்குவதுபோல் இருக்கும். அன்று மூடுபனி. குடாவும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. தூரத்தில் ஒரு தோணி எதன் மேலும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நின்றவன் துடுப்பை நீரில் வைத்தானா, வானத்தில் வைத்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

“எங்க போற மனே?” என்று பக்கத்தில் சாக்கின் மேல் குந்தியிருந்த முதியவர் கேட்டார்.

“சல்லிக்கு. கயிறு இழுக்க.”

“வெறும் வயித்தோடயா?” மடியில் இருந்த ரொட்டியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை நீட்டினார். “தின்னு. முழுசும் தின்ன எனக்குப் பல்லு இல்ல.”

அவர் பெயர் மீராலெவ்வை. எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் காக்கா என்றே கூப்பிட்டேன், அந்தப் பக்கத்தில் அண்ணன் என்று அர்த்தம். கிண்ணியாக்காரர், கருவாட்டு வியாபாரி. அவரும் சல்லிக்குத்தான் போகிறார். எழுபதைத் தாண்டிய வயது. முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயம் வழுவழுப்பாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, “அது அமெரிக்கா” என்றார், ஏதோ பக்கத்து ஊரைச் சொல்வதுபோல.

பாதையை விட்டு இறங்கி பஸ் ஏறினோம். நகரத்துக்கு நாற்பத்தைந்து சதம். சீனன்குடாவைக் கடக்கும்போது காட்டுக்குள்ளே எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தன. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப் போய்ச் சில வருடங்கள்தான். அதற்குள் கொடிகள் ஏறிவிட்டன. அரைக் கண்ணில் பார்த்தால் உறங்கும் யானைகள் மாதிரி இருந்தன. காக்கா தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினெட்டு வயதில் கப்பலில் கரி தள்ளப் போனவர், பால்டிமோர் துறையில் இறங்கி, மறுபடி கப்பலுக்குப் போகவில்லை. பிட்ஸ்பேர்க் பக்கத்தில் இரும்பு உலையில் நான்கு குளிர்காலம் வேலை. கை வெந்த பிறகு வேலையும் இல்லை, இன்னொரு கப்பலில் திரும்பி வந்தார். இவ்வளவுதான். சொல்லும்போது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

நகரத்தில் பத்துச் சதத்துக்கு வெறுந் தேத்தண்ணி குடித்துவிட்டு நிலாவெளி பஸ்ஸில் ஏறினோம். மூன்றாம் மைல்கட்டையில் உப்புவெளி. அதைத் தாண்டிச் சாம்பல்தீவில் இறங்கி மணற்பாதையில் நடந்தோம். வெயிலில் மணல் வெள்ளையாக எரிய, தாழை மரங்களுக்கு அப்பால் கடல் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நடந்தாலும் அந்தச் சத்தம் அதே தூரத்தில் இருந்தது. பிறகு திடீரென்று கடல் காலடியில் கிடந்தது.

பின்னேரப் பாடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை வலை போட்டு இழுப்பதைப் பாடு என்பார்கள். தோணியில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டு, அதன் இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பதுதான் கரைவலை. இரண்டு வரிசை ஆட்கள் பின்னோக்கி நடந்தார்கள். ஒருவர் அம்பா பாட, மற்றவர்கள் மறுமொழி பாடினார்கள். அந்தப் பாட்டின் தாளத்துக்குத்தான் கால்கள் பின்வாங்கும். வலை கரையை அண்டியதும் ஊரில் இருந்து பெண்களும், வயதானவர்களும், வேலை இல்லாதவர்களும் வந்து கயிற்றின் வாலில் கை வைத்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நானும் வைத்தேன். மீன் பிரிக்கும்போது கயிறு தொட்ட எல்லாருக்கும் ‘கறிக்கு மீன்’ என்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். எனக்கு நாலைந்து சூடை கிடைத்தது. வந்த முதல் நாளே, பெயர்கூடச் சொல்லாமல், சாப்பாட்டுக்கு வழி.

எனக்கு முன்னால் கயிறு பிடித்திருந்தவள் பூரணம். நாற்பது வயது இருக்கும். அவளுடைய புருஷன் நிலாவெளியில் வேறொருத்தியோடு இருக்கிறான். வீட்டில் மூன்று பிள்ளைகள். கிடைக்கும் மீனில் பாதி கறிக்கு, பாதி கடையில் அரிசிக்கு. இதை அவள் எனக்குச் சொன்னது மீனைக் கழுவிக்கொண்டே. அம்பாவுக்கு மறுமொழி சொல்வதில் அவளுடைய குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

மாலை ஐந்து மணிக்கு எல்லாரையும் சம்மாட்டி வரச் சொன்னார். வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். இவர் பெயர் தம்பிமுத்து. இதே கயிற்றில் இழுத்து வளர்ந்த மனிதர். மூன்று பக்கச் சுவர் இடுப்பளவுக்கு எழும்பியிருந்த ஒரு கட்டடத்துக்குள் நின்றார். ஊருக்கு வாசிகசாலை கட்டுகிறார். கையில் வழவழப்பான படப் பத்திரிகை. அமெரிக்காவில் இருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து இலவசமாகத் தபாலில் வருவதாம்.

“இந்த மனுசனைப் பாருங்கோ” என்று ஒரு தாடிக்காரரின் படத்தைக் காட்டினார். “நூல் ஆலையிலே வேலை செய்த ஏழைப் பொடியன். பிறகு இரும்புக்கே ராசா. சாகிறதுக்கு முதல் காசு முழுக்கக் குடுத்துப் போட வேணும் எண்டு ஊர் ஊரா வாசிகசாலை கட்டினவர். சும்மா அள்ளிக் குடுத்தா மனுசர் கெட்டுப் போவினம், ஏணி வைச்சுக் குடுத்தா ஏறுவினம். அதுதான் அவரின்ரை கதை. எனக்கு அது நெஞ்சிலே பட்டுட்டுது.”

பிறகு சொன்னார்: “நாளையிலே இருந்து, கடைசிக் கயிற்றிலே வந்து கை வைக்கிறவைக்குக் கறிக்கு மீன் இல்லை. வலை கரைக்கு வந்த பிறகு தொடுறது வேலை இல்லைத்தானே? அந்த மீன் வித்த காசு இந்தச் சுவருக்கு. உண்மையா வழி இல்லாத ஆக்கள் வெள்ளிக்கிழமையிலே என்ரை வீட்டுக்கு வாங்கோ. ஆருக்குத் தேவை எண்டு பாத்து நானே தருவன்.”



“அந்த மனுசன்ட வாசிகசாலைக்குள்ள நான் போயிருக்கன்” என்றார் மீராலெவ்வைக் காக்கா.

சம்மாட்டியின் முகம் மலர்ந்தது. “மெய்யோ காக்கா? எப்பிடி இருந்தது?”

“சூடா இருந்திச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை. “வெளியில பனி. உலையில பன்னெண்டு மணித்தியாலம் நிண்டுட்டு வந்து கதிரையில குந்தினா நித்திரைதான். காவல்காரன் வந்து, படிக்கிறதெண்டா இரு, படுக்கிறதெண்டா போ எண்டுவான். நான் புத்தகத்த விரிச்சு வெச்சிக் கண்ணத் திறந்துகொண்டே உறங்கப் பழகிட்டன்.”

“அப்ப உதவினதுதானே?”

“உதவிச்சு. அது இல்லாட்டி குளிருல விறைச்சு மௌத்தாகியிருப்பன். பொய் சொல்லப்படாது. ஆனா உலையடியில ஆக்கள் கேப்பாங்க, எங்கட கூலிய வெட்டிக் கட்டினதுக்கு அவர்ட பேர் எதுக்கு எண்டு.”

சம்மாட்டி பத்திரிகையைச் சுருட்டினார். “கூலியைக் கூட்டிக் குடுத்தா எல்லாரும் குடிச்சுத்தான் அழிப்பினம் காக்கா.”

“அதையும் அங்க சொன்னாங்க” என்றார் காக்கா. “எங்கட கங்காணி சொல்லுவான், பலமுள்ளது பிழைக்கும், மத்தது போகும், அது இயற்கை எண்டு. சந்தியில பெட்டிக்கு மேல ஏறி ஒருத்தன், மண் எல்லாருக்கும் பொது, அதால வாற வாடகைய ஊருக்குத் தா எண்டு கத்துவான். பக்கத்துப் பெட்டியில மத்தவன், உலையே எங்கட எண்டுவான். பணக்கார வீட்டுப் பொம்புளைகள் ரெண்டு பேர் எங்கட சேரிக்குள்ளயே வீடெடுத்து இருந்தாங்க. இங்கிலீசு எழுத்துக் காட்டித் தந்தது அவங்கதான்.”

“ஆர் சொன்னது சரி, காக்கா?” என்று நான் கேட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சரியான மறுமொழி எங்கோ எழுதியிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

“எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க மனே. எனக்குத்தான் நித்திரை.”

அப்போது பூரணம் எழுந்தாள். “வெள்ளிக்கிழமை வந்து நான் என்னெண்டு சொல்லோணும் அண்ணை?”

“வீட்டு நிலைமையைச் சொல்லு. தேவை எண்டு சொல்லு. அதிலே என்ன?”

“இப்ப நான் ஒண்டும் சொல்லாமல் எல்லோ கொண்டு போறன்.”

“நீ பிடிச்சாலும் பிடிக்காட்டியும் வலை வரும் பூரணம்.”

“வரும். நான் எழும்பாட்டியும் விடியும்தானே” என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சம்மாட்டிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆனால் சொல்லை மாற்றவில்லை.

கயிறு இழுப்பவர்கள் தங்கும் ஓலை வாடியில் மற்ற ஆட்களோடு படுத்தேன். காதுக்குள் அலை, அலைக்குள் காக்காவின் உலை. பெட்டிகளின் மேல் நின்றவர்கள் எல்லாரும் கடலுக்குள் நின்று ஒரே நேரத்தில் பேசினார்கள்.

விடியற்காலை வலை போட்டார்கள். எனக்கு ஆளோடு ஆளாகக் கயிற்றில் இடம் கொடுத்திருந்தார்கள். கிழக்கு இன்னும் சாம்பல் நிறம். ஊர் ஆட்கள் வழக்கம்போல வந்தார்கள். வந்து மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கைகள் மடியில். பூரணம் நடுவில். சம்மாட்டி வெள்ளை வேட்டியோடு சற்றுத் தள்ளி நின்றார்.

கதிரவேலு அம்பாவைத் தொடங்கினான். வலையை நடத்தும் மண்டாடி அவன். நாங்கள் மறுமொழி சொன்னோம். மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிற மறுமொழி எப்படி இருக்கும்? தேய்ந்துபோய் இருந்தது. இரண்டாம் அடியும் அப்படியே. மூன்றாம் அடிக்கு மறுமொழி மணலில் இருந்து வந்தது. முதலில் பூரணத்தின் குரல், பிறகு எல்லாருடையதும். ஒருவரும் எழும்பவில்லை. கயிற்றைத் தொடவில்லை. உட்கார்ந்தபடி கடலைப் பார்த்துப் பாடினார்கள். என் கால்கள் தாமாகப் பின்னே போயின. நான் இழுப்பதாகவே தோன்றவில்லை. விடியலைத்தான் யாரோ கரைக்கு இழுத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றிற்று. ஒருமுறை திரும்பினேன். சம்மாட்டியின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. அவருக்கு அது தெரிந்திருக்காது.

வலை வந்தது. கீரி மீனும் சூடையும், நடுவில் சில பாரைகளும். நல்ல பாடு.

“பாத்தியளோ? வந்ததுதானே!” என்றார் சம்மாட்டி.

உண்மை. கடைசிக் கயிற்றில் அந்தக் கைகள் இல்லாமலே வந்தது. கயிற்றில் இருந்த எனக்குத் தெரியும்.

கதிரவேலு மீனைப் பிரித்தான். சம்மாட்டி பங்கு, ஆட்கள் பங்கு. பிறகு நிமிர்ந்தான். “அம்பாவுக்கு மறுமொழி சொன்ன ஆக்களுக்கு என்ன, சம்மாட்டியார்?”

“பாட்டுக்கோ?”

“கயிறைத் தொட்டா மீன் இல்லை எண்டுதான் சொன்னனீங்கள். வாயை மூடச் சொல்லேல்லை.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. சம்மாட்டி சிரிக்கவில்லை. மணலில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தார்கள். பிறகு குனிந்து தன் பங்கில் இருந்து இரண்டு கை நிறைய மீன் அள்ளிக்கொண்டு பூரணத்திடம் போனார். வேட்டியில் நீர் வடிந்தது.

“இந்தா பூரணம்.”

அவள் கை நீட்டவில்லை. “கையிலே தராதேங்கோ அண்ணை. மணலிலே போடுங்கோ.”

“ஏன், என்ரை கைக்கு என்ன?”

“கைக்கு ஒண்டுமில்லை. கையிலே வாங்கினா, நாளைக்கும் நான் உங்கடை கையைத்தான் பாக்கோணும்.”

சம்மாட்டி தன் கையில் இருந்த மீனைப் பார்த்தார். ஒரு கீரி மீன் துள்ளி அவருடைய காலடியில் விழுந்தது. தாடிக்காரரின் பத்திரிகையில் இதற்கு ஏதாவது எழுதியிருக்குமா என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் குந்தி, கையில் இருந்ததை மணலில் வைத்தார். போடவில்லை, வைத்தார். பூரணம் பொறுக்கி எடுத்தாள், அலையில் மணல் போகக் கழுவினாள், ஓலைப் பெட்டியில் இட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கதிரவேலு மற்றவர்களுக்கும் மணலில் போட்டான்.

“பெட்டிக்கு மேல ஏறாமப் பேசின ஆள இண்டைக்குத்தான் கண்டன்” என்று காக்கா என் காதில் சொன்னார். பிறகு கருவாட்டு விலை பேசப் போய்விட்டார்.

சட்டத்தை எடுத்துவிட்டதாகச் சம்மாட்டி யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் வலை கரையை நெருங்க, பூரணம் எழுந்து வந்து வால் கயிற்றில் கை வைத்தாள். சம்மாட்டி கடலைப் பார்த்தபடியே, “கயிறு நனைஞ்சிருக்கு, கவனம்” என்றார். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

பருவம் முடியும்வரை அங்கே இருந்தேன். வாசிகசாலைச் சுவர் மெதுவாகத்தான் உயர்ந்தது. நான் புறப்படும்போது கூரை இல்லை. பத்திரிகைகளை ஒரு பலகையில் வைத்திருந்தார்கள், காற்று வாசித்துக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில் எழும்பிய சுவர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே தோட்டத்தில் வேலை செய்யும் ஏழைகளுக்குக் கூழ் கொடுக்கும்போது, கை படாமல் உயரத்தில் இருந்து பனையோலைப் பிளாவுக்குள் ஊற்றுவார்கள். பொருளை நிலத்தில் வைத்துவிட்டு, எடு என்பார்கள். அங்கே அது பெரிய அவமானம். இங்கே ஒரு பெண் அதையே கேட்டு வாங்கித் தலைநிமிர்ந்து போனாள். எங்கள் ஊரில் கொடுத்தவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். எப்படித் தரட்டும் என்று மட்டும் அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன மறுமொழி வந்திருக்கும் என்று, சாம்பல்தீவில் பஸ் ஏறியதில் இருந்து உப்புவெளி வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு வீடுகள் வந்து கடலை மறைத்துவிட்டன.