உலகம் முழுக்க நண்பர்கள் தர்றேன்னு சொன்ன கேம்

"உலகம் முழுக்க நண்பர்கள்! இனி நீங்கள் தனியாக இல்லை!"

இப்படி விளம்பரம் பண்ணுன ஆன்லைன் கேமை இன்னிக்கு டெலீட் பண்றதாத்தான் இருந்தேன்.

கல்யாணமாகி கொல்லங்கோட்டிலிருந்து இந்த இடுக்கி தேயிலை எஸ்டேட்டுக்கு, தொழிலாளிங்க இருக்கற லயத்து வீட்டுக்கு வந்தவ நான். ஊட்டுக்காரரு சாயங்கால ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா பேச ஆளே இல்லீங்க. அதுக்காகத்தான் அந்த கேமை இறக்குனேன். உள்ள போனா, பாதிப்பேரு கெட்ட வார்த்தை பேசறாங்க, மீதிப்பேரு பாதியில ஓடிர்றாங்க.

ஒருத்தி மட்டும் நல்லவ. 'ஸ்னோ குயின்'னு பேரு. நான் அடிபட்டு விழுந்தா "டோன்ட் வொரி, ஐ கம்மிங்"னு ஓடி வருவா. ரஷ்யாக்காரின்னு நெனச்சிருந்தேன்.

எப்பவும் சாயங்காலம் வர்றவ, இன்னிக்கு மத்தியானமே ஆன்லைன்ல இருந்தா. கடைசியா ஒரு ஆட்டம் ஆடிட்டு, பை சொல்லிக்கலாம்னு போனேன்.

அப்பப் பார்த்து எங்க ஃபேக்டரி சங்கு ஊதுச்சு. முதல்ல ஜன்னல் வழியா. அடுத்த நொடியே ஹெட்போனுக்குள்ள, அவ பக்கமிருந்து.

ரெண்டு பேரும் ஆடறத நிறுத்திட்டோம்.

"ஏனுங்க... நீங்க எந்த லயம்?"னு கேட்டேன்.

"ஐயோ, தமிழா! கீழ் லயம்க்கா, பேரு சித்ரா. நான் உங்கள வெளிநாடுன்னுல்ல நெனச்சேன்!"

அதுக்குள்ள கேம்ல எங்க ரெண்டு பேரையும் யாரோ சுட்டுட்டாங்க.

உலகம் முழுக்கன்னு சொன்னது பச்சைப் பொய்.

தனியா இல்லைன்னு சொன்னது, மழையில குடை புடிச்சு மேடேறி வந்து, இப்ப எங்க அடுப்படியில டீ குடிச்சிட்டிருக்கு.

எத்தன ஸ்டார் குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க.