பேஜாரா இருக்குதா?

தொண்ணூறுகளில், ஆம்பூரில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கு ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். குட்டை முடி, கஞ்சி போட்ட புடவை. பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று விசாரிக்கிறாராம். இல்லாததைக் கிளப்பிவிடுவாரோ என்று சந்தேகப்பட்டு நானும் கூடவே உட்கார்ந்துகொண்டேன்.

கேள்வி கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது அவர் பழக்கம். அங்கே தோல் கம்பெனிச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை.

“சாகணும்னு தோணியிருக்கா?”

“இல்ல மேடம்.” பத்தாம் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ‘உள்ளேன் டீச்சர்’ மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு நிம்மதி.

மதியம் என்னிடம் கேட்டார்: “மனசு சரியில்லன்னா இந்தப் பொண்ணுங்க எப்படிச் சொல்லுவாங்க?”

“பேஜாரா கீதுன்னுவாங்க. அதுக்கு இன்னா இப்போ?”

பிறகு அவர்களை மறுபடியும் கூப்பிட்டு, “ரொம்ப பேஜாரா இருக்குதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். முதல் பெண்ணே தேம்பினாள். என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் புறப்படும்போது, “உங்களுக்கு, டீச்சர்?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இல்ல மேடம்,” என்றேன், அந்தப் பெண்களைப் போலவே சட்டென்று.

அவர் உடனே திரும்பவில்லை. என்னிடம் எதைக் கண்டு அப்படிக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.