பேனாவின் மேல் போட்ட பழி

மலிவுப் பேனா வாங்க வேண்டுமென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் தோல் பதனிடும் டேனரி ஆபீசில் வழக்கமாக இருந்தது. ஆம்பூரில் நான் குமாஸ்தா. தோல் கட்டுகள் போய்ச் சேர்ந்தனவா, தரம் பிடித்ததா என்று சென்னைத் தரகர்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் வேலை. கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு, ஜப்பானிலிருந்து வந்த மலிவு ஊற்றுப்பேனாக்கள் பெரிய அதிசயம். ஆனால் அவற்றில் பாதி, ஒரே வாரத்தில் சட்டைப்பையை நீலமாக்கிவிட்டு எழுதுவதை நிறுத்திவிடும். நல்லதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன் என்று ஆபீசே நம்பியது. நானும் நம்பினேன்.

முள்ளின் தங்க நிறத்தை நான் கவனிக்கவே மாட்டேன். அது வெறும் பூச்சு. முள்ளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நடுப்பிளவு நேராக ஓடுகிறதா, இரண்டு நுனியும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பேனாக் குழாயில் தண்ணீர் நிரப்பி, மரையைச் சுற்றி ஒற்றுத்தாளைக் கட்டி உதறுவேன். கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு 'ஞ' எழுதிப் பார்ப்பேன். அந்தச் சுழிகளில் தாளைக் கீறாத முள் எங்கேயும் கீறாது. பக்கத்து மேஜையில் இருந்த பாய் உருதுக் கடிதங்கள் எழுதுகிறவர். அவர் வலமிருந்து இடமாக ஒரு வரி இழுப்பார். இரண்டு பக்கமும் ஓடினால்தான் எங்கள் பரீட்சையில் பேனா தேறும்.

எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் மனைவி கர்ப்பமானாள். நாலாவது வரை படித்தவள். சிலேட்டுக் குச்சியைப் பிடிப்பதுபோல எதையும் அழுத்திப் பிடித்து எழுதுவாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி விரிஞ்சிபுரத்தில் இருந்த அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதென்று ஏற்பாடானபோது, நானும் பாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் கடைத்தெருவுக்குப் போய் அவளுக்கென்று ஒரு பேனா தேடினோம். ஒன்பது பேனாக்களை ஒதுக்கிவிட்டுப் பத்தாவதை எடுத்தேன். கறுப்பு உடம்பு, கொஞ்சம் குட்டை. அவள் அழுத்தினாலும் தாங்கும்படி கெட்டியான முள்.

"வீட்டுக்காரம்மாவுக்கா இவ்ளோ ஆராய்ச்சி?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"தினம் லெட்டர் வரணும்ல, அதான்" என்று எனக்காகப் பாய் பதில் சொன்னார்.

அவளுக்கு ஒரு வாரம் பழக்கினேன். எழுத்து விட்டுவிட்டு வந்தால் முள்ளில் தூசி. மை கொட்டினால் உள்ளே காற்று. கோடு இரண்டாகப் பிரிந்தால் அழுத்தி அழுத்தி முள் விரிந்துவிட்டது என்று அர்த்தம். எது கெட்டாலும் அது பேனாவின் குற்றம்தான், உன் குற்றம் இல்லை, பயப்படாமல் எழுது என்றேன். அவள் கூச்சப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

முதல் மாதம் வந்த கார்டுகளெல்லாம் அழகாக இருந்தன. பாலாற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுப்பது, கோயிலுக்குப் போனது, தம்பி பேனாவைக் கேட்டு அடம்பிடித்தது என்று நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். அடுத்த மாதம் எழுத்து பெரிதாகத் தொடங்கியது. வரிகள் வலது பக்கம் சரிந்து விழுந்தன. 'பேனா விரலில் நிற்கமாட்டேன் என்கிறது, நழுவுகிறது. மோதிரம்கூடக் கழற்ற வரவில்லை, அம்மா சோப்பு போட்டுக் கழற்றினார்கள்' என்று ஒரு கார்டில் இருந்தது. குட்டைப் பேனா அவள் கைக்குப் பொருந்தவில்லை போலும் என்று நினைத்தேன். மூடியைப் பின்பக்கம் செருகிக்கொண்டு எழுதும்படி பதில் போட்டேன். மோதிரத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த கார்டில் நாலே வரி. 'தலைவலி ஓயவில்லை. அம்மா பத்துப் போட்டார்கள். எழுதும்போது எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நீங்கள் சொன்னதுபோல் முள் விரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் அழுத்தித்தான் கெடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.'

இப்போது எழுதும்போதே கை கூசுகிறது. அதைப் படித்து எனக்கு வந்தது ஒரு சந்தோஷம். பழக்கிக் கொடுத்ததை ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று பெருமைப்பட்டு, கார்டைப் பாயிடம் காட்டினேன்.

பாய் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "இன்னா தோஸ்த், கோடு ஒண்ணாத்தானே கீது? முள்ளு விரிஞ்சா இங்கே தெரியணுமே."

"கார்டு மட்டமான தாள் பாய். மை ஊறிச் சேந்துகிச்சு."

"சேந்துகினா ஜாஸ்தி தடிமனா இருக்கும். இது மெல்லிசாத்தான் கீது." கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "ரயில்ல ஏறினா எவ்ளோ நேரம்? ஒரு தபா போய்ட்டுதான் வாயேன்."

"கப்பலுக்கு சரக்கு போவுது. இப்ப லீவு கேட்டா மொதலாளி பேஜார் பண்ணுவாரு" என்றேன். அது பாதி உண்மை. மாப்பிள்ளை அடிக்கடி வந்து நிற்கிறான் என்று அந்த வீட்டில் பேசுவார்களோ என்ற கூச்சம் மீதி. போவதற்குப் பதிலாக வேறொரு பேனா வாங்கினேன். இது நீளம், பிடிக்கும் இடம் தடிமன். டேனரிக்கு ஆவாரம்பட்டை இறக்கிவிட்டு விரிஞ்சிபுரம் பக்கம் திரும்பிப் போகிற ஒரு வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு சீட்டும் வைத்தேன். 'இதையாவது அழுத்தாமல் எழுது.'

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவள் தம்பி ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். ரயிலடியிலிருந்து ஓடிவந்திருந்தான்.

"அக்காவுக்கு இழுப்பு வந்துட்ச்சு மாமா. பல்லு கிட்டிக்கிச்சு. வண்டி கட்டி வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்ட்டாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவு சிறியது, ஆனால் அழுதது. என் மனைவிக்கு நினைவு இல்லை. அவள் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணிமைகள் ஊதி, கன்னமும் மூக்கும் ஒன்றாகியிருந்தன. போர்வைக்கு வெளியே கிடந்த கையைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலும் இரண்டு விரல் பருமன். மோதிரம் இருந்த இடத்தில் தோல் உரிந்து ஆறியிருந்தது. அந்தக் கைதான் பேனாவைப் பிடித்திருக்கிறது.

டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்தார். வயதானவர், தணிந்த குரல்.

"இது ஒரே நாள்ல வர்றதில்ல. முன்னாடியே உடம்பு காட்டிக்கொடுக்கும். கை கால் வீக்கம், தலைவலி. கண்ணு மங்கும், ஒண்ணு ரெண்டாத் தெரியும். அந்த மாதிரி யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"தலவலின்னு சொல்லிச்சும்மா" என்றார் அவள் அம்மா, என் அத்தை. "கால்ல நீரு எறங்கியிருந்திச்சு. புள்ளத்தாச்சிக்கு அது சகஜம்னு சொன்னாங்க. கண்ணப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. சொல்லியிருந்தா அன்னிக்கே இட்டாந்திருப்பேனே."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போய்விட்டாள். கண் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பேனாவும் அதில் இருந்தன. புதிதில் மை ஊற்றவே இல்லை. முதல் பேனாவில் கொஞ்சம் மை மிச்சமிருந்தது. என் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிப் பார்த்தேன். ஞ, ண, ழ. எங்கேயும் கீறவில்லை. முள் விரியவில்லை. மெல்லிய ஒற்றைக் கோடு. அவ்வளவு நல்ல பேனா. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் இறந்தபோது வராத அழுகையை அழுதேன்.

குழந்தையை அத்தைதான் வளர்த்தார். மாதம் இரண்டு தடவை நான் போய்வருவேன். ஒரு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "உங்களுக்கு அது கார்டு போடுமே. எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிச்சுன்னு படிச்சுக் காட்றீங்களா?"

அடுத்த தடவை எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். வரிசையாகப் படித்தேன். ஊற்றுத் தண்ணீர், கோயில், தம்பியின் அடம். அவர் இடையிடையே சிரித்தார். "ஆமா, ஆமா, அன்னிக்கு அப்டித்தான் சண்ட" என்றார். கடைசிக் கார்டு வந்தது. அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் ரயிலில் வரும்போது தீர்மானித்திருந்தேன். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை. உள்ளபடி படித்தேன்.

அவர் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா படிங்க."

படித்தேன்.

"அப்ப, உங்க கிட்ட சொல்லியிருக்குது" என்றார்.

"ஆமாம் அத்தை."

"உங்களுக்குத் தெரியல."

"பேனாதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

அவர் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார். சிறிது நேரம் கழித்து இலை போட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். குழம்பு ஊற்றினார், போதுமா என்று கேட்டார். அதன்பின் எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். என் மகளை நன்றாக வளர்த்தார். நான் போகும்போதெல்லாம் எனக்குப் பிடித்ததைச் சமைத்தார். அந்தக் கார்டைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாமே என்று ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ரயிலில் நினைத்துக்கொள்வேன்.