முறை தப்பிய பகிடி

பகிடி என்றால் என்ன என்று கேட்டால், பரிகாசம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள் படித்தவர்கள். பகடிதான் பகிடியாயிற்று என்று அதன் பிறப்பையும் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் போதாது. பதுளையில் புடவைக் கடை வைத்திருந்த நான் அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தையும் கற்றது, பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த பெரியாயியிடம்தான்.

புருஷன் செத்துப் பத்து வருஷம். வெள்ளைச் சேலை கட்டியவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றவர்களை வாயாலேயே விரட்டியவள் அவள். மாதம் ஒருமுறை புடவை மூட்டையோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் நான் தப்ப முடியாது.

"நஸீர் நானா, போன மாசச் சேலையில இருந்த பூவெல்லாம் தண்ணியில உதுந்துபோச்சு. இந்தத் தடவை காயாவது நிக்கிற மாதிரி குடுங்க!"

ஆனால் அவளுடைய பகிடிக்கும் முறை உண்டு. கொழுந்தன், மதினி என்றால் என்னவும் பேசலாம். அண்ணன் முறை என்றால் ஒரு சொல் கூடாது. சொந்தமோ இல்லையோ, தோட்டத்தில் எல்லோருக்கும் முறை உண்டு. முஸ்லிம் ஆண்களை எல்லோரும் அழைக்கும் 'நானா' முறையில் சேராது; எந்த முறையும் இல்லாத நான் எப்போதும் அகப்பட்டேன்.

எழுபத்திரண்டாம் ஆண்டில் அவளுடைய ஒரே மகள் பேச்சிக்கு மொனராகலையிலிருந்து பரிசம் போட வந்தார்கள். முன்பு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. தாய்க்காரிக்கு வாய் நீளம் என்பதுதான் காரணம். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று காளியம்மனுக்கு நேர்ந்திருந்தாள் பெரியாயி. அன்று நானும் மூட்டையோடு அங்கே இருந்தேன்.

தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் உட்கார வேண்டும். அவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டதால், அந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வீரய்யா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைப் பெரியாயிக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் அவளுக்குக் கொழுந்தன் முறை. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"கரும்புத் தோட்டத்து ஆளுன்னாங்க, மூஞ்சியில இனிப்பையே காணோமே கொழுந்தனாரே! வீட்டுல பொண்ணு ஒண்ணுதான் இருக்குன்னு கவலையா? நான் ஒருத்தி இருக்கேனே, என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க!"

வீரய்யாவின் மனைவி பதறிப்போனார். "அய்யய்யோ, இவரு மாப்பிள்ளைக்குப் பெரியப்பாங்க! ஒங்களுக்கு அண்ணன் முறை!"

வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். உள்ளே பேச்சி விம்முவது கேட்டது.

"அண்ணே, தப்புத்தான்" என்றாள் பெரியாயி. "எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல. அண்ணன் முன்னாடி எப்புடி நிக்கணும்னு நான் பழகல. எம் வாய்க்காக எம் புள்ளைய வேணாம்னு சொல்லிடாதீங்க."

வாசல்வரை போனவர் நின்றார். அவளுடைய வெள்ளைச் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நானா, மூட்டையை அவுருங்க. எந் தங்கச்சிக்கு ஒரு சேலை எடுக்கணும். வெள்ளை வேணாம்."

கிளிப்பச்சையில் ஒன்றை அவரே எடுத்து அவள் கையில் வைத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணனிடம் இனி ஒரு பகிடியும் பேச முடியாது. ஆனால் அண்ணன் பெண்டாட்டி மதினியாயிற்றே! கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் திரும்பினாள்.

"ஏன் மதினி, ஒங்க புருசன் வேறொரு பொம்பளைக்குச் சேலை எடுக்கிறாரு, பார்த்துக்கிட்டுச் சும்மா நிக்கிறீங்களே!"

முதலில் சிரித்தவர் வீரய்யாதான்.