கிட்டென்ஸின் இதயம் ஏன் தடித்தது

பார்படோஸில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் கிட்டென்ஸ். ஏறுகிறவர்களை வம்புக்கு இழுக்காமல் வண்டியை எடுக்கமாட்டார். எழுபதை நெருங்கும்போது எங்கள் தெரு மேடு ஏறவே அவருக்கு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. இதயச் சுவர் தடித்திருக்கிறது, ரத்த அழுத்தம்தான் காரணமாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்தவர், தலை சுற்றி, பக்கத்தில் இருந்த விதவை மடியில் சாய்ந்தார்.

"யோவ், விழறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று மனைவி மெர்லீன் ஒரு வாரம் பொரிந்து தள்ளினாள். பிறகு பிரிட்ஜ்டவுனில் இதய மருத்துவர் அலீனிடம் இழுத்துப் போனாள்.

அழுத்தம் பார்க்கச் சட்டையைச் சுருட்டியபோது, மேல்கையில் எலுமிச்சை அளவுக்குச் சதை திரண்டிருப்பதை அலீன் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"ஸ்டியரிங் திருப்பித் திருப்பி வந்த பலம், டாக்டரம்மா."

"பொய்!" என்றாள் மெர்லீன். "தேங்கா மூட்டை தூக்கறப்போ பட்டுன்னு சத்தம் கேட்டுச்சு. அன்னிலேருந்து இப்படித்தான்."

"விரல் மரத்துப்போகுமா?"

"ரெண்டு மணிக்கட்டுலயும் ஆபரேஷனே ஆச்சு. டாமினோ ஆட்டத்துல காயை மேசைல ஓங்கி அடிக்க முடியலேன்னு அழுதாரு."

அலீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தடித்த இதயத்துக்கு ஈசிஜி கோடு பெரும்பாலும் உயர்ந்து எழும். இவருக்கோ குட்டை குட்டையாக இருந்தது. "ஒரு புரதம் உருக்குலைஞ்சு மணிக்கட்டு, தசைநார், இதயம்னு எல்லாத்துலயும் படியுதோன்னு சந்தேகமா இருக்கு" என்றார்.

ரத்தம், சிறுநீர் சோதித்து, வேறொரு புரதம் படியும் வகை இல்லை என்று உறுதி செய்தபின் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் போய்ச் சேரவேண்டிய ஊசி மருந்து இதயத்தில் சேர்ந்து, படத்தில் பளிச்சென்று தெரிந்தது. அலீன் சந்தேகப்பட்டதேதான்; அமிலாய்டோசிஸ் என்று பெயர்.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டார் கிட்டென்ஸ்.

"நோய் கெட்டது. இப்பவாவது கண்டுபிடிச்சோமே, அது நல்லது."

பழைய மாத்திரை நின்றது. படிவதை மட்டுப்படுத்தப் புது மருந்தும், வீக்கம் வடிய ஒன்றும் வந்தன. சில வாரங்களில் மேடு ஏறி வந்து, அவ்வளவாக மூச்சு வாங்காமல் எங்களை வம்புக்கு இழுத்தார்.

ரத்தத்தில் மரபணுவைச் சோதித்ததில் இது பரம்பரையாக வருவது என்று தெரிந்ததும் தங்கை வெரோனாவை போனில் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னார்.

"உங்கிட்டேருந்து எனக்கு எதுவும் வேண்டாம்ணே!"

"நான் எங்க குடுத்தேன்? இது நம்ம வம்சத்துச் சொத்து. உனக்கும் பங்கு இருக்கலாம். போய் ரத்தம் குடுத்துச் சோதிச்சுப் பாரு."

முனகிக்கொண்டே போனாள். அவளுக்கு இல்லை என்று முடிவு வந்தது. அன்று மாலையே பொரித்த மீனோடு வந்து இறங்கி, "இதையும் நீயே முழுசா எடுத்துக்கிட்டியா? பேராசைக்காரா!" என்று அண்ணனைக் கட்டிக்கொண்டாள்.