நாற்பத்தெட்டாவது பெயர்

இது நடந்தது. 2003ஆம் ஆண்டு, சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தத்தில். பேய் என்றாலே சிரிக்கிற ஆள்தான் நானும். இப்போது சிரிப்பதில்லை. இதை எனக்குச் சொன்ன செல்வக்குமாருக்குப் பொய் சொல்ல வராது. ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்துகொண்டு பொய் வராமல் இருப்பது எவ்வளவு சங்கடம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு நோட்டுக் கம்பெனியில் வேலை. பெற்றவர்கள் காலமெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள். மகன் விமானம் ஏறியதில் தெருவுக்கே பெருமை. அக்டோபரில் அவரை இலங்கை மலைநாட்டுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மாதிரி நோட்டுகளைக் காட்ட வேண்டும். பெயர்ப் பட்டியல் கொடுத்தால், ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் லேபிளில் அச்சடித்தே கொடுப்பார்கள். வேலை முடிந்த நேரத்தில் ஊர் சுற்றினார். அருவி, தேயிலைச் சரிவு, குகைக்குள் புகுந்து வரும் ரயில்... கரிசல் வெயிலில் காய்ந்தவருக்கு அதெல்லாம் பார்த்துத் தீரவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் எழிலுக்குக் காட்ட, கேமராவில் மலையாக எடுத்துத் தள்ளினார்.

மூன்றாம் நாள், பிற்பகல் 3.20. ஒரு வளைவில் ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவர் கருப்பணன் அந்தப் பக்கத்துக்குப் புதியவர். இறங்கி இன்ஜினை நோண்டத் தொடங்கினார். எங்கும் பனிமூட்டம். கீழேயிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. இன்னொரு ஆர்டர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி செல்வக்குமார் பையோடு படியிறங்கினார்.

நீளமான தகரக் கொட்டகை. வாசலில் பள்ளியின் பெயர்ப்பலகை. உள்ளே ஒரே ஒரு வகுப்பு. அவர் நுழைந்ததும் சத்தம் நின்றது. நம் ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்லிக் கூரையைப் பிய்த்திருப்பார்கள். இங்கே ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. வெளியே மழை இல்லை. ஆனால் எல்லார் தலையும் ஈரம்...

டீச்சர் சுவரோரமாக நின்றிருந்தார். மாதிரி நோட்டை நீட்டினார் செல்வக்குமார். டீச்சர் அதைத் தொடவில்லை.

"பேர் சொல்றேன். எழுதிக்கங்க."

நாற்பத்தேழு பெயர்கள். பட்டியலைப் பார்க்காமலே சொன்னார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைச் செல்வக்குமார் கவனித்தார். அவர் பார்ப்பது தெரிந்ததுபோல, பக்கத்தில் இருந்த சிறுமி இன்னும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நோட்டைப் பையில் திணித்தார். விறுவிறுவென்று மேலே ஏறி வந்துவிட்டார்.

"மழையே இல்லையே சார். கால்ல எங்க இவ்வளவு சேறு?" என்றார் கருப்பணன்.

குனிந்து பார்த்தார். முழங்கால் வரை செம்மண்.

ஊருக்கு வந்ததும் வேலையில் அதை மறந்துபோனார். நவம்பரில் லேபிள் அச்சானது. ஒரு தாளில் நாற்பத்தெட்டு கட்டம். பெயரோ நாற்பத்தேழு. அச்சில் ஒரு கட்டத்தை வெறுமனே விட யாருக்கும் மனசு வராது. வேலை பார்ப்பவர் தன் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். பிள்ளைக்கும் ஒரு சந்தோஷம். செல்வக்குமார் மகள் பெயரைக் கொடுத்தார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் பெயர் எல்லாக் கட்டத்துக்கும் பொது.

எழில், மூன்றாம் வகுப்பு. அதன் கீழே அந்த மலைப்பள்ளியின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை எழில் அந்த லேபிளைப் புது நோட்டில் ஒட்டினாள். மற்ற நாற்பத்தேழு லேபிளோடு நோட்டுப் பார்சல் அதற்குள் கப்பலேறியிருந்தது.

திங்கட்கிழமை மாலை 5.10க்குப் பள்ளி விட்டு வந்தவளின் தலை நனைந்திருந்தது. விஸ்வநத்தத்தில் ஒரு சொட்டு மழை இல்லை.

புதன்கிழமை அவள் செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. எங்கள் ஊர் மண் கறுப்பு.

வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை சரியாக 3.20க்கு, தூக்கத்திலேயே வாய்ப்பாடு சொன்னாள். வீட்டில் மனைவி இசைவாணி மட்டும் இருந்தாள். மாலை கணவரிடம் சொன்னாள்.

"ஒத்தப் பிள்ளை சத்தம் இல்லைங்க அது... வீடு நெறையக் கேட்டுச்சு."

சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் செல்வக்குமார் அந்த நோட்டைத் திறந்தார். மணி 6.15.

முதல் பக்கத்தில் பெயர்கள். எழிலின் கையெழுத்து இல்லை. பெரியவர்கள் கை.

நாற்பத்தேழு பெயருக்கும் நேரே, வந்ததாகக் குறி.

நாற்பத்தெட்டாவது... எழில்.

திங்கள், வரவில்லை. செவ்வாய், வரவில்லை. புதன், வரவில்லை...

நோட்டை அப்படியே அடுப்பில் திணித்தார். ஈரத்தாள். லேசில் எரியவில்லை. மண்வாடை அடித்தது.

6.40. போன் மணி அடித்தது.

கருப்பணன். பார்சலை அந்தப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

"சார்... அந்த வளைவுல ஸ்கூலே இல்ல. நீங்க ஒண்ணுக்குப் போறீங்கன்னுதான் நான் நெனச்சேன்."

செல்வக்குமார் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"தோட்டத்து ஆளுங்ககிட்ட விசாரிச்சேன். பல வருசம் முந்தி மண் சரிஞ்சு மூடிருச்சாம். டீச்சரும் நாப்பத்தேழு பிள்ளைகளும். ரொம்ப நல்ல டீச்சராம் சார். வராத பிள்ளைங்க வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வருவாங்களாம். அன்னைக்கும் ரெண்டு பிள்ளைங்களை அப்படித்தான்..."

ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

இசைவாணி ஓடி வந்தாள். அவர் திக்கித் திணறிச் சொன்னதைக் கேட்டாள்.

"மத்தியானம் ஒரு டீச்சர் வந்தாகளே..."

"யாரு?"

"எழிலு ஸ்கூல்ல புதுசா வந்தவுகன்னு நெனச்சேன். சேலையெல்லாம் ஈரம். எழில் வீடு இதுதானான்னு கேட்டாக. ஆமான்னேன். காச்சலுன்னேன்."

"என்ன சொன்னாக?"

"பரவாயில்ல... நாளைக்கு ஞாயிறுன்னாலும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னாக."

விடியும் முன்பே அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்தப் பிள்ளையின் உண்மைப் பெயரும் எழில் இல்லை.